ஹோண்டாஜெட்: எஞ்சின் ஏன் இறக்கைக்கு மேலே ஏறியது?

ஹோண்டாஜெட் என்ற சிறு விமானத்தைப் பற்றி இரண்டு சந்தேகங்கள் எழுகின்றன. பைக்கும் காரும் விற்கிற ஹோண்டா, ஆறேழு பேர் உட்காரும் ஒரு குட்டி ஜெட்டைச் செய்ய ஏன் ஏறக்குறைய முப்பது வருடம் எடுத்துக்கொண்டது? அந்த விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் இறக்கைக்கு மேலே கால் முளைத்து நிற்கின்றனவே, அது பார்வைக்காகவா, பயனுக்காகவா?

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் முதல் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

சின்ன ஜெட் வரைய உட்காருகிற எவருக்கும் முதல் தலைவலி ஒன்றுதான். விமானத்தைச் சுருக்கலாம், உள்ளே உட்காருகிற ஆளைச் சுருக்க முடியாது. அவர் கால் நீட்ட வேண்டும், பெட்டி வைக்க வேண்டும், இரண்டு மணி நேரம் பறந்தால் கழிப்பறைக்கும் போக வேண்டும். இதற்கு நடுவே இரண்டு எஞ்சின்களை எங்கே மாட்டுவது?

பெரிய விமானங்களில் இறக்கைக்குக் கீழே தொங்கவிடுவார்கள். சின்ன ஜெட்டின் இறக்கையோ தரையிலிருந்து ஒரு முழம், ஒன்றரை முழம் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே எஞ்சினை மாட்டினால் தரையைத் தட்டும், இல்லையென்றால் ஓடுபாதையில் கிடக்கிற கல்லையும் மண்ணையும் உறிஞ்சும். சக்கரக் கால்களை உயர்த்தலாம்தான். கால் நீண்டால் எடை ஏறும், மடித்து வைக்கவும் இடம் தேட வேண்டும். அதனால் 1963 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்த லியர்ஜெட் காலத்திலிருந்தே இந்த வகை விமானங்களில் எஞ்சின்கள் வாலுக்குப் பக்கத்தில், உடம்பின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. செஸ்னா சைட்டேஷன் வரிசையும் அப்படித்தான், பிரேசிலின் ஃபீனம் 100-ம் அப்படித்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. எஞ்சினைத் தாங்கும் உத்திரங்கள் உடம்பின் பின்பகுதிக்குள் குறுக்கே போக வேண்டும். பெரிய விமானத்தில் அது ஒரு பொருட்டில்லை. சின்ன விமானத்தில் கழிப்பறைக்கும் பெட்டிகளுக்கும் உரிய இடத்தையே அது தின்றுவிடும். எஞ்சின் உடம்போடு ஒட்டியிருப்பதால் அதன் அதிர்வு நேராகக் கேபினுக்குள் இறங்கும். இப்படிப்பட்ட விமானத்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த 'ஊம்' சத்தம் பழக்கமாக இருக்கும்.

அப்படியானால் இறக்கைக்கு மேலே வைத்தால் என்ன? யாருக்கும் தோன்றாத யோசனை இல்லை இது. 1971-ல் பறந்த ஜெர்மனியின் விஎஃப்டபிள்யூ 614 என்ற சிறு பயணிகள் விமானம் எஞ்சின்களை இறக்கைக்கு மேலேதான் சுமந்தது. இருபதுக்கும் குறைவாகவே தயாராகி, அந்தத் திட்டம் முடிந்துபோனது. அதன்பிறகு அந்தப் பக்கம் போக ஆள் இல்லை. காரணம் எளிது. விமானத்தைத் தூக்கி நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு இறக்கையின் மேற்பரப்புக்கு. சமையல் நடக்கும்போது அடுப்பு மேல் அரிசி மூட்டையை வைப்பார்களா?

மேற்பரப்பில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். விமானம் ஒலியின் வேகத்தில் முக்கால் பங்கை நெருங்கும்போது, இறக்கைக்கு மேலே வளைந்து ஓடும் காற்று இன்னும் வேகம் பிடித்து, ஒரு சிறு பகுதியில் ஒலியையே தாண்டிவிடும். பிறகு திடீரென்று வேகம் குறையும். அந்த இடத்தில் சுவர் எழுப்பியது போல ஓர் அதிர்வலை நிற்கும். இதற்கு ஓர் உருவகத்தை வீட்டிலேயே பார்க்கலாம். சமையலறைக் குழாயைத் திறந்து, கவிழ்த்த சில்வர் தட்டின் மேல் தண்ணீரை விழவிடுங்கள். விழுந்த இடத்தைச் சுற்றித் தண்ணீர் மெல்லிய படலமாக வழுக்கிக்கொண்டு ஓடும். கொஞ்ச தூரத்தில் ஒரு வட்டக் கோடு போட்டது போலச் சட்டென்று தடித்து, மெதுவாகும். காற்றிலும் கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது. அந்தத் தடிப்பு பலமாக இருந்தால் இழுவை கூடும், எரிபொருள் வீணாகும். ஏற்கனவே நெருக்கடியான அந்த இடத்தில் எஞ்சினையும் கொண்டுபோய் வைத்தால் காற்று இன்னும் பிதுங்கி ஓடும், அதிர்வலை இன்னும் பலமாகும். வைக்காதே என்பதுதான் வழக்கமான பாடம்.

ஹோண்டாவின் பொறியாளர் மிச்சிமாசா ஃபுஜினோ கண்டுபிடித்தது, அந்தப் பாடத்துக்கு ஒரு விலக்கு இருக்கிறது என்பதை. எஞ்சினை இறக்கையின் முன்பக்கம் வைக்காமல் பின்விளிம்பை நோக்கித் தள்ளி, பரப்பிலிருந்து சரியான உயரத்தில் தூக்கி வைத்தால் விளைவு தலைகீழாகிறது. எஞ்சின் கூட்டின் முன்னால் காற்று கொஞ்சம் தேங்கும். அந்தத் தேக்கம், எதிரே வேகமாக வருகிற காற்றை முன்கூட்டியே தணிக்கும். கோயில் வாசலில் கூட்டம் நிற்பதைப் பார்த்துப் பின்னால் வருகிறவர்கள் நடையைத் தளர்த்துவதில்லையா, அதுபோல. அதிர்வலை பலவீனமாகிறது. அதிவேகத்தில் பார்த்தால், எஞ்சினே இல்லாத வெறும் இறக்கையைவிட இழுவை தாமதமாக ஏறுகிறது. கேபினில் இடம் பிடிப்பதற்காகத் தேடிப்போன ஏற்பாடு, காற்றியக்கத்திலும் லாபம் கொடுத்துவிட்டது. இதை அவரும் சக ஆய்வாளரும் 2003-ல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். விளம்பரம்தான் நோக்கம் என்றால் அழகான படம் போதும், எண்களையும் வரைபடங்களையும் போட்டித் தொழிற்காரர்கள் படிக்கும் இதழில் போட மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. இடம் கொஞ்சம் தப்பினாலும் இந்த லாபம் நட்டமாகும். முன்னே பின்னே, மேலே கீழே எல்லாம் கணக்கு. அதோடு வேறு தொல்லைகளும் கூடவே வரும். நீண்ட மூங்கில் கழியின் நடுவில் கனமான பையைக் கட்டி ஆட்டிப் பாருங்கள், வெறும் கழி ஆடுவதுபோல ஆடாது. இறக்கையில் எஞ்சின் ஏறினால் அது முறுகுவதும் வளைவதும் மாறிவிடும். குறிப்பிட்ட வேகத்தில் அந்த ஆட்டம் தானாகப் பெருகி இறக்கையையே ஒடிக்கக்கூடும். விமானக்காரர்கள் ஃபிளட்டர் என்று சொல்லிப் பயப்படுவது இதற்குத்தான். மெதுவாக இறங்கும்போது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கிற விதமும் மாறும். இவை ஒவ்வொன்றையும் கணக்கில் போட்டு, காற்றுச் சுரங்கத்தில் மாதிரி வைத்துச் சோதித்து, பிறகு பறந்து காட்டியாக வேண்டும். ஒரு நல்ல யோசனைக்கும், பாதுகாப்பாகப் பறக்கும் என்று அரசுச் சான்றிதழ் பெற்ற விமானத்துக்கும் நடுவே இருக்கிற தூரம் அது.

சரி, இப்போது முப்பது வருடக் கணக்குக்கு வருவோம்.

ஹோண்டா நிறுவனர் சொய்ச்சிரோ ஹோண்டாவுக்கு விமானப் பித்து சிறுவயதிலேயே உண்டு. 1917-ல், பத்து வயதில், அமெரிக்க விமானி ஆர்ட் ஸ்மித்தின் சாகசக் காட்சியைப் பார்க்க அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஹமாமட்சுவுக்கு மிதித்துப் போய், உள்ளே போகக் காசு போதாமல் மரத்தில் ஏறிப் பார்த்தார் என்பது அந்த நிறுவனத்தில் புராணம் போலச் சொல்லப்படுகிற கதை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பான் விமானம் செய்யவே 1952 வரை தடை இருந்தது. அதற்குள் அங்கிருந்த விமானப் பொறியாளர்கள் பலர் கார், ரயில் என்று வேறு தொழில்களுக்குப் போய்விட்டார்கள். பிறகு மிட்சுபிஷி ஒரு நல்ல சிறு ஜெட்டைச் செய்தது, எம்யூ-300. விற்பனையில் தடுமாறி, 1980களில் அமெரிக்காவின் பீச்கிராஃப்ட் கைக்குப் போய் பீச்ஜெட் என்று பெயர் மாறியது. நல்ல விமானம் செய்வது ஒன்று, விற்கத் தெரிவது வேறு என்பதை ஹோண்டா பக்கத்து வீட்டிலேயே பார்த்திருக்கிறது.

1986-ல் ஹோண்டா தன் ஆய்வுப் பிரிவில் விமானத்துக்கும் ஜெட் எஞ்சினுக்கும் தனித்தனிக் குழு அமைத்தது. இரண்டும் ரகசியம். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படித்து, 1984-ல் ஹோண்டாவில் கார் வேலைக்குச் சேர்ந்திருந்த ஃபுஜினோவும் விமானக் குழுவில் ஒருவர். அவர்களை அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராஸ்பெட் விமான ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே முதலில் ஒரு பீச்கிராஃப்ட் பொனான்சாவை வாங்கி, அதற்குக் கலப்புப் பொருளில் (இழையும் பிசினும் சேர்த்துச் செய்வது) இறக்கை செய்து மாட்டிப் பழகினார்கள். பிறகு எம்.எச்.02 என்ற சோதனை ஜெட். முழு உடம்பும் கலப்புப் பொருள், முன்னோக்கிச் சாய்ந்த இறக்கை, பிராட் அண்ட் விட்னி கனடாவின் எஞ்சின்கள். 1993 மார்ச்சில் பறந்தது, 1996-ல் சோதனை முடிந்தது. வியாபாரத்துக்கு உதவாத விமானம். விற்பதற்காகச் செய்ததும் இல்லை அது. சொய்ச்சிரோ 1991-லேயே காலமாகிவிட்டார்.

அந்த நேரத்தில் திட்டம் மூடப்படும் நிலை. 1997 வாக்கில் ஓர் இரவு படுக்கையில் இருக்கும்போது இந்த வடிவம் தோன்றியதாகவும், கைக்குக் காகிதம் அகப்படாமல் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் வரைந்ததாகவும் ஃபுஜினோ சொல்லியிருக்கிறார். காலண்டர் தாள் கதைகளை நான் பாதி உப்புப் போட்டுத்தான் சாப்பிடுவேன். எம்.எச்.02-விலேயே எஞ்சின்கள் இறக்கைக்கு மேலேதான் இருந்தன, உடம்போடு ஒட்டிக்கொண்டு. அந்தப் பத்து வருடப் பழக்கம் இல்லாமல் அந்தத் தாளில் எந்தப் படமும் விழுந்திருக்காது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு மேலிடத்தைச் சம்மதிக்க வைத்தார் பாருங்கள், அதுதான் பெரிய விஷயம்.

இறக்கையின் வடிவத்துக்கும் தனி ஆராய்ச்சி நடந்தது. ஊதுபத்திப் புகையைக் கவனித்திருப்பீர்கள். முதல் ஒரு சாண் தூரம் நூல் பிடித்தது போல நேராக ஏறும், அப்புறம் சுருண்டு குலையும். இறக்கைமேல் ஓடும் காற்றும் அப்படித்தான். நூலாக ஓடும்வரை உராய்வு குறைவு. குலைகிற இடத்தை எவ்வளவு பின்னுக்குத் தள்ளுகிறோமோ அவ்வளவு மிச்சம். ஹோண்டா வரைந்த இறக்கை வடிவம் மேற்பரப்பில் சுமார் 40 சதவீதம், கீழ்ப்பரப்பில் 60 சதவீதம் வரை காற்றை அப்படி ஓடவைக்கும். காகிதக் கணக்கை நம்பாமல், பழைய டி-33 பயிற்சி ஜெட் ஒன்றின் இறக்கைமேல் இந்த வடிவத்தை உறைபோல மாட்டிப் பறந்து பார்த்தார்கள். வடிவம் மட்டும் போதாது. ஓர் ஆணித் தலை துருத்தினாலும், பூச்சி அடித்து ஒட்டினாலும் காற்று குலைந்துவிடும். அதனால் இறக்கையின் தோலைத் தடித்த அலுமினியப் பலகையிலிருந்து குடைந்து எடுத்தார்கள், உடம்பைக் கார்பன் ஃபைபரில் வார்த்தார்கள். கூர்ந்து நீண்ட மூக்குக்கும் இதே நோக்கம்தான். அதன் வடிவம் ஹவாயில் ஒரு கடையில் பார்த்த ஃபெர்ரகாமோ குதிகால் செருப்பிலிருந்து வந்தது என்று ஃபுஜினோ சொல்வார்.

எஞ்சின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹோண்டா தன் முதல் சோதனை எஞ்சின் ஒன்றை 1995-ல் போயிங் 727-ல் மாட்டிப் பறந்தது. அடுத்து எச்.எஃப்.118. அதை விற்பனைக்குக் கொண்டுவர 2004-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கோடு பாதிப் பாதிக் கூட்டு வைத்தது. அந்தக் கூட்டில் பிறந்த எச்.எஃப்.120 ஒவ்வொன்றும் இரண்டாயிரம் பவுண்டுக்குச் சற்று மேலான தள்ளுவிசை தரும், அதாவது 900 கிலோவுக்கு மேல். உடம்பையும் எஞ்சினையும் ஒரே நிறுவனம் செய்வது இந்தத் தொழிலில் அபூர்வம். அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. எஞ்சின் தாமதமானால் விமானமும் தாமதமாகும், பழியைப் போட வேறு ஆள் கிடையாது.

சோதனை விமானம் 2003 டிசம்பர் 3 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் பறந்தது. ரைட் சகோதரர்கள் அதே மாநிலத்தில் பறந்து நூறு ஆண்டு நிறைவதற்கு இரண்டு வாரம் முன்பு. 2006-ல் விற்பனை அறிவிப்பு, விலை 36.5 லட்சம் டாலர், கையில் கிடைப்பது 2010-ல் என்றார்கள். சில நாட்களில் நூறுக்கு மேல் ஆர்டர்.

அந்த வருடங்களில் சந்தையே ஒருவிதக் காய்ச்சலில் இருந்தது. மைக்ரோசாஃப்டில் இருந்த வெர்ன் ரபர்ன் தொடங்கிய எக்லிப்ஸ், பத்து லட்சம் டாலருக்கும் குறைவான விலையில் இரட்டை எஞ்சின் ஜெட் தருவதாகச் சொன்னது. ஆயிரக்கணக்கில் செய்தால் விலை இறங்கும் என்ற கணினித் தொழில் கணக்கு. முதலில் தேர்ந்த எஞ்சின் 2002-ல் கைவிட்டது, வேறு எஞ்சினுக்கு மாறினார்கள், விலை ஏறியது. 2006-ல் சான்றிதழ் கிடைத்தது, 260 விமானங்கள் வரை செய்தார்கள், 2008 நவம்பரில் திவால். இந்த விமானங்களை வாங்கி டாக்சி போல ஓட்டவந்த டேஜெட் அதற்கு இரண்டு மாதம் முன்பே படுத்துவிட்டது. விமானம் செல்ஃபோன் இல்லை என்று பலருக்கும் உறைத்தது அப்போதுதான்.

அதே 2008 டிசம்பரில் ஹோண்டா ஃபார்முலா ஒன் பந்தயத்திலிருந்து விலகியது. பணநெருக்கடி. ஜெட் திட்டத்தை மட்டும் தொடவில்லை. பக்கத்தில் கார் விற்ற காசு இருந்ததால் இந்த விமானம் பிழைத்தது என்றுதான் நான் சொல்வேன். இதே வடிவத்தை ஒரு புதுக் கம்பெனி கொண்டுவந்திருந்தால் அந்த வருடமே கடையைக் கட்டியிருக்கும்.

அப்புறம் சான்றிதழ் படலம். உற்பத்தித் தரத்தில் செய்த முதல் விமானம் 2010 டிசம்பரில் பறந்தது. எஞ்சினுக்குச் சான்றிதழ் 2013 டிசம்பர். விமானத்துக்கு 2015 டிசம்பர், அந்த மாதக் கடைசியிலேயே முதல் விமானம் கைமாறியது. சொன்னதற்கு ஐந்து வருடம் பின்னால். இதைக் கேலி செய்கிறவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். அதற்கு ஒரு மாதம் முன்பு, 2015 நவம்பரில், மிட்சுபிஷியின் பயணிகள் ஜெட் ஜப்பானில் முதன்முதலாகப் பறந்தது. சான்றிதழ் விதிகளுக்காக உள்ளே கருவிகளையும் கம்பிகளையும் மறுபடி இடம் மாற்றி, தள்ளிப்போய், தள்ளிப்போய், 2023 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ஹோண்டா தொடக்கத்திலேயே அமெரிக்காவுக்குப் போய், அங்கேயே தொழிற்சாலை போட்டு, சான்றிதழ் தருகிற அமைப்பின் வாசலிலேயே குடியிருந்தது. இரண்டு கதைக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இதில்தான் என்பது என் எண்ணம்.

கடைசியில் வந்த விமானம் எப்படி? முழுச் சுமையோடு 4.8 டன், மணிக்கு சுமார் 780 கிலோமீட்டர், 43,000 அடி உயரம், ஒரே விமானி ஓட்டலாம். விலை 45 லட்சம் டாலருக்கு ஏறியிருந்தது. பின்பக்கம் உத்திரம் இல்லாததால் கதவு போட்ட தனிக் கழிப்பறை, அதற்கும் பின்னால் கோல்ஃப் மட்டைகள் படுக்கிற அளவு சாமான் அறை. இந்த அளவு விமானங்களில் திரை போட்ட கழிப்பறையே பெரிய விஷயம். 2017 முதல் தொடர்ந்து ஐந்து வருடம் தன் வகையில் மிக அதிகமாக விற்ற ஜெட் இதுதான்.

குறையும் சொல்ல வேண்டும். இறங்கும்போது ஓடுபாதையை விட்டு விலகிய சம்பவங்கள் இந்த விமானத்தில் கண்ணில் படுகிற அளவுக்கு நடந்திருக்கின்றன. லேசான விமானம். எஞ்சினைத் திருப்பி ஊதி வேகம் குறைக்கும் வசதி இல்லை. தரை தொட்டதும் இறக்கையின் தூக்கும் சக்தியைக் கொல்லும் பலகைகளும் முதலில் இல்லை. தொட்ட பிறகும் இறக்கை தூக்கிக்கொண்டே இருந்தால் சக்கரத்தில் கனம் ஏறாது, பிரேக் பிடிக்காது, பக்கக் காற்று அடித்தால் விமானம் நழுவும். நான் இதை வடிவமும் பயிற்சியும் சேர்ந்த பிரச்சினையாகவே பார்க்கிறேன். 2022-ல் வந்த எலைட் 2 மாடலில் அந்தப் பலகைகளைச் சேர்த்துவிட்டார்கள்.

வியாபாரமாகப் பார்த்தால், ஹோண்டாவின் விமானப் பிரிவு வருடக்கணக்கில் நட்டம் காட்டியது. வருடத்துக்கு முப்பது, நாற்பது விமானம் விற்று முப்பது வருட ஆராய்ச்சிச் செலவை எடுப்பது லேசில்லை. ஃபுஜினோ 2022-ல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்து எஷலான் என்ற பெரிய தம்பியைச் செய்கிறார்கள், அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நிற்காமல் போகிற திட்டம். அதில் எஞ்சின் சொந்தத் தயாரிப்பு இல்லை, வில்லியம்ஸ் கம்பெனியிடம் வாங்குகிறார்கள். மாட்டுகிற இடம் மட்டும் அதே இறக்கை மேல்தான்.